பந்தியும் பதிவேடும்



செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-ஆம் ஆண்டு தோன்றியது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1955-இல் அது மத்திய அரசின் கைக்கு மாறி, தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிலையமாயிற்று. டாப்சோன் எனும் மருந்தைக் கொண்டு இந்நாட்டில் தொழுநோயை எதிர்த்தவர்களின் முன்னணியில் நின்ற மருத்துவர் இராபர்ட் காக்ரேன் பணியாற்றிய இடம். நோயைத் தீர்க்க மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும், ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். ஆனால் நோயை ஒழித்துவிட்டோம் என்று முரசறைய? ஒரு வகுத்தல் கணக்குப் போதும்!

அந்தக் கணக்கைத்தான் இன்று உம் முன் விரிக்கிறேன். நாடகம் எழுதுகிறவன் நான். மருத்துவனல்லேன், கல்லூரிப் படிப்பையும் பாதியில் விட்டவன். எனினும் முகம் எது, முகத்தில் பூசிய அரிதாரம் எது என்று பிரித்தறியும் பழக்கம் எனக்குண்டு.

1991-இல் உலக நலப் பேரவை ஓர் எல்லைக்கோடு கிழித்தது. பதினாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவானோரே பதிவேட்டில் நோயாளிகளாக இருப்பின், அந்த நாட்டில் தொழுநோய் பொதுநலச் சிக்கலாக இல்லை என்று பொருளாம். 2000-ஆம் ஆண்டுக்குள் அந்த எல்லையை எட்ட வேண்டும் என்பது கெடு. டில்லி கெடுவைத் தவறவிட்டது. 2005 டிசம்பரில் எட்டியது. 1981-இல் பதினாயிரத்துக்கு 57.6 என்றிருந்த எண், 0.95 ஆயிற்று. பீகாரும் சத்தீசுகரும் அப்போதும் கோட்டுக்கு மேலேதான் இருந்தன. ஆயினும் நாட்டின் சராசரி கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதே, பிறகென்ன! முழங்கிற்று முரசு.

வெற்றியே இல்லை என்று வாதிடுகிறேனா? இல்லை. 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை இலட்சோப இலட்சம் மக்களை மீட்டது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். நான் கேட்பது வேறு: இறங்கிய எண்ணில் எவ்வளவு மருந்தால் இறங்கியது, எவ்வளவு பேனாவால் இறங்கியது?

திருமண வீட்டுப் பந்தியை எண்ணிப் பாருங்கள். கூடத்தின் வாயிலில் நின்று உள்ளே நோக்குகிறீர். நூறு பேர் அமர்ந்து உண்கிறார்கள். பரிமாறுவோர் விரைவு காட்டி, அரைமணி நேரப் பந்தியைக் கால்மணியில் முடித்தால்? அடுத்த முறை நோக்கும்போது ஐம்பது பேர்தான் இருப்பர். விருந்தினர் பாதியாகக் குறைந்துவிட்டனர் என்று மாமனார் மார்தட்டலாமா? தொழுநோய்ப் பதிவேடும் அத்தகைய பந்தியே. டாப்சோன் ஒன்றையே நம்பிய காலத்தில் பல்லாண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுவதும் பதிவேட்டில் பெயர் இருந்தது. கூட்டு மருந்து வந்தபின், கிருமி மிகுந்தோர்க்கு 24 மாதம். 1998 முதல் 12 மாதம். மருந்து முடிந்த அன்றே பெயர் நீங்கும். நல்லதுதான். ஆனால் வந்து சேர்வோர் தொகை மாறாவிடினும், பதிவேட்டில் இருப்போர் தொகை சரிபாதியாகும்!

அப்படியானால் வாயிலில் நுழைவோரை எண்ணுவோம். 2003-இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 3,67,143. 2005-இல் 1,61,457. ஈராண்டில் பாதிக்கும் கீழே! தொழுநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்தாண்டு ஆகும் என்பது மருத்துவ நூல் கூறும் உண்மை. அத்தகைய சோம்பேறிக் கிருமி ஈராண்டில் ஓட்டம் பிடித்ததாம்! பிடித்தது கிருமியல்ல, வீடு வீடாகச் சென்று தேடிய கால்கள் ஓய்ந்தன. தேடாதவன் கண்ணில் நோயாளி படுவானா? 2015-இல் 1,27,326 பேர். பத்தாண்டு கடந்தும் பெரிய இறக்கமில்லை. 2016-இல் மீண்டும் தேடுதல் இயக்கம் தொடங்கியதும், முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு தேடலிலேயே அகப்பட்டனர். 2023-இல் புதியோர் 1,07,851. உலகத் தொகையில் பாதிக்கும் மேல்.

இதே செங்கற்பட்டு மண்ணில் நேர்மையான எண்ணிக்கையும் நடந்ததுண்டு. 1968-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. ஊசிச் சோதனை தொடங்கியது. ஊசியில் இருப்பது மருந்தா வெறும் நீரா என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதினைந்தாண்டு காலம் மக்களைத் தொடர்ந்து நோக்கினர். வயது வந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுக்க அந்த ஊசி பயன்படவில்லை என்று தெரிந்தது. மறைத்தார்களா? இல்லை, உலகறிய வெளியிட்டார்கள். (குழந்தைகளைக் கொல்லும் காசநோய் மூளைக்காய்ச்சலை அது தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது, தாய்மார்கள் தயங்க வேண்டாம்.) விரும்பாத விடை வந்தபோதும் அதை எழுதிவைத்த அந்தப் பேனாவுக்கு என் வணக்கம்.

தொழுநோயில் நாம் கேட்க வேண்டிய எண் வேறொன்று. கண்டறியப்படும் நாளிலேயே கை மடங்கி, பாதம் சிதைந்து வந்தோர் எத்தனை பேர்? இரண்டாம் நிலை ஊனம் என்று ஏட்டில் பெயர். மாமல்லபுரத்துச் சிற்பியின் விரலில் உளி பட்டும் வலிக்கவில்லை. கரையோரக் குப்பத்து மீனவனின் உள்ளங்கையைக் கயிறு அறுத்தும் தெரியவில்லை. இந்த நிலைக்கு வரும்வரை அவனிடம் எவரும் சென்று சேரவில்லை என்பதைப் பறைசாற்றும் எண் அது. புதியோரில் சிறுவர் எத்தனை என்பதும் அதற்கு இணையானது. சிறுவனுக்கு நோய் வந்தால், அண்மையில்தான் எங்கோ பரவியிருக்கிறது.

செங்கற்பட்டு 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். இவ்விரு எண்களை வட்டம் வாரியாக வெளியிடுமாறு கிளைக் கழகத் தோழர்கள் மாவட்ட நலத்துறைக்கு எழுதிக் கேளுங்கள். தேடுவோர் குப்பத்துக்கு வரும் வேளையில் ஆண்கள் கடலில் இருப்பர். மாலையில் மறுபடி வரச் சொல்லுங்கள், உடன் செல்லுங்கள். உணர்வற்ற வெளிறிய தேமல் எவர் உடலில் கண்டாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்துக்குக் காசில்லை.