திரையின் வேகமும் சராசரிக் கணக்கும்

திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டி முதலிய பின்னலாடை ஊர்களில், துணியை வெட்டுமுன் ஆடையின் அளவுப்படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து பார்ப்பதுண்டு. மௌஸ் நகருந்தோறும் கோடும் உடன் நகரல் வேண்டும். அது தயங்கி நிற்குமாயின் கை தவறும், அளவும் பிழைபடும்.

இத்தகைய புரோகிராம்களின் வரைவேகத்தைச் சோதிப்போர் பலர் சராசரியை மட்டும் கூறி அமைகின்றனர். இஃது எமக்கு உடன்பாடன்று. சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. ஆகவே ஒருமுறை வரைதற்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிவினாடியே. 59 முறை பத்துப் பத்து மில்லிவினாடியில் வரைந்த புரோகிராம், அறுபதாம் முறை 400 மில்லிவினாடி எடுத்ததெனக் கொள்வோம். சராசரி 16.5, கணக்கிற் குற்றமில்லை! திரையோ அரை வினாடிக்குச் சிறிது குறைய உறைந்து நின்றது. துணியின் சராசரி எடை சரியாயிருப்பினும், ஓட்டை விழுந்த பனியனை வாங்குவார் யாவர்?

ஆகலின் புரோகிராம் எழுதும் நம் மாணாக்கர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம்: ஒவ்வொரு முறைக்கும் ஆன காலத்தைத் தனித்தனியே குறித்தல்; அவற்றுள் மிக நீண்டதை மறையாது வெளியிடல்; தம் விலையுயர்ந்த கம்ப்யூட்டரை விடுத்து, தொழிற்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரிலேயே சோதித்தல்.

தம் வேலையின் குறையை முதலிற் காண்பவர் தாமேயாதல் வேண்டும். கூலிக்கு உழைப்பவர் அதனால் இடர்ப்பட்டு வந்து சொல்லுமளவும் காத்திருத்தல் கற்றோர்க்கு அழகன்று என்பது எமது துணிபு.