பெயர் வேறு, ஓசை வேறு

தாராவியின் தோல் பதனிடும் கூடங்களை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளும், அலுவலக வேலையை நம்பி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியவர்களின் வாரிசுகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: பிள்ளை ஆங்கிலம் படித்தாக வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளி நடத்துகிறது. ஆனாலும் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பெற்றோர் தேடிப் போவது ஆங்கிலப் பள்ளியைத்தான். 2000இல் மகாராஷ்டிர அரசே முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டது.

ஆனால் ஏ முதல் இசட் வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் குழந்தை, புதிதாக ஒரு மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினால் விழிக்கிறது. உடனே மக்கு என்று முத்திரை. உண்மையில் கோளாறு சொல்லிக் கொடுக்கும் முறையில் இருக்கிறது.

தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் 'க', ஓசையும் 'க'. ஆங்கிலத்தில் அப்படியில்லை. பூனைக்கான சொல்லின் எழுத்துகள் சி, ஏ, டி. இந்த மூன்று பெயர்களையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சியேடி' வருமே தவிர 'கேட்' வராது. குழந்தைக்குத் தேவை எழுத்தின் பெயரல்ல, ஓசை. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஆங்கிலம் சுமார் 44 ஓசைகளைச் சமாளிக்கிறது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' நான்கு எழுத்து, மூன்று ஓசை. பெட்டியைக் குறிக்கும் 'பாக்ஸ்' மூன்று எழுத்து, நான்கு ஓசை. எழுத்தை எண்ணுவதும் ஓசையை எண்ணுவதும் வேறு வேறு என்று புரிவதுதான் முதல் படி. குழந்தைகளுக்கு ஓசைகளைப் பிரித்துக் கேட்கவும், எழுத்தோடு சேர்த்துக் கூட்டவும் முறையாகக் கற்பித்தால் வாசிப்பு மேம்படுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கை தந்தது.

தமிழ்க் குழந்தைக்கு இது புதிய வித்தையல்ல. க் + அ = க என்ற உயிர்மெய் வாய்பாடு வேறென்ன? மெய்யை உயிரிலிருந்து பிரித்துக் காட்டப் புள்ளி இருக்கிறது. ஆனால் ஆங்கில வகுப்பில் பல ஆசிரியர்கள் 'ப்' என்பதைப் 'பு' என்றும், 'ட்' என்பதை 'டு' என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'கு-ஏ-டு' என்று கூட்டினால் எந்தப் பூனையும் வராது. புள்ளி வைத்த மெய்யாகச் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதிச் சிக்கல் நம் எழுத்து முறையில். பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்': தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. ஆனால் நாக்குக்கும் உதட்டுக்கும் தெரியும். 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு, இரண்டாவது 'ப' வேறு. மும்பைக் குழந்தைக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்தியில் பாவமும் 'பாப்', அப்பனும் 'பாப்'. முதலோசை மட்டும்தான் வேறு. தாராவியில் கோலி விளையாடும் எந்தப் பொடியனும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. வாய்க்குத் தெரிந்த இந்த வித்தியாசத்துக்குத் தனித்தனி எழுத்து உண்டு என்று காட்டினால் போதும்.

பள்ளிக்கூடத்தை 'இஸ்கூல்' என்பதும் சோம்பேறித்தனமல்ல. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதைத் தமிழ் ஏற்காது. எனவே குழந்தை முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. தலையில் குட்டுவதற்குப் பதில், 'ஸ்' ஓசையை நீட்டி, அப்படியே 'கூல்' என்பதில் இறங்கப் பழக்கலாம்.

ஓசை மட்டும் போதுமா? போதாது. மிகச் சாதாரணமான சில ஆங்கிலச் சொற்கள் எந்த விதிக்கும் கட்டுப்படாதவை. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். தவிர, கூட்டிப் படித்த சொல்லின் பொருள் தெரியாவிட்டால் அது வாசிப்பே ஆகாது. காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தை ஓசையாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத குழந்தைக்குக் கதையும் பேச்சுமாக அந்த மொழி முதலில் காது வழியே போக வேண்டும். பொருளை விளக்கத் தமிழ் கை கொடுக்கும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்பது, இருக்கிற ஏணியையும் எடுத்துவிடுகிற வேலை.

சம்பாத்தியத்தில் பெரும் பங்கைக் கட்டணமாகக் கட்டும் பெற்றோர், பிள்ளை எத்தனை ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கிறது என்று பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னச் சொல்லை எழுதிக் காட்டி, படிக்கச் சொல்லட்டும். தட்டுத் தடுமாறியாவது கூட்டிப் படித்தால், கட்டிய பணத்துக்குப் பள்ளி ஏதோ செய்திருக்கிறது. படிக்கவில்லையென்றால் கேள்வி கேட்க வேண்டியது பள்ளியை, பிள்ளையை அல்ல.