சுங்கானும் சுருட்டும்

ஐரோப்பா போய் வரும் மதுரைக்காரர்கள் சிலர், அங்கே சுங்கான் என்ற புகைக்குழாய் செய்யும் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். புகையிலைக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது, நம் பக்கம் ஒரு சுங்கான் பட்டறைகூட ஏன் இல்லை? பூட்டு செய்யத் தெரிந்த ஊருக்கு இது மட்டும் வராமல் போனதா? கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல, முதலில் அந்தப் பட்டறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயிண்ட் குளோட் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே மரக்கடைசல் வேலை முன்பே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரையர் கைக்கு வந்ததும் சுங்கான் பக்கம் திரும்பினார்கள். பிரையர் என்பது மரத்தின் தண்டு அல்ல. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவே, மண்ணுக்குள் திரளும் முண்டு. காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் இந்த முண்டிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். நெருப்புக்கு எளிதில் பிடிகொடுக்காத அந்த முண்டுதான் கனலைத் தாங்கும் கிண்ணமாகிறது.

தோண்டிய முண்டை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஈரம் போகாமல் வைத்திருந்து, கட்டைகளாக அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை இறக்கி, பிறகு மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். இத்தனைக்கும் பிறகு கடைசலில் ஏற்றினால் உள்ளே ஒரு கல்லோ ஓட்டையோ தென்படும். அந்தக் கட்டையை ஒதுக்கிவிட வேண்டியதுதான். பார்க்கப் போகிறவர்கள் பளபளவென்று மெருகேற்றும் இடத்தில் கூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், உலர்த்தும் கொட்டகையில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

அந்தச் செடி இங்கே இல்லை, அதனால் சுங்கானும் இல்லை என்றால் அது பாதிப் பதில். பிரையருக்கு முன்னால் ஐரோப்பா பெரும்பாலும் களிமண் சுங்கானில்தான் புகைத்தது. ஹாலந்தின் கௌடா நகரம் அதற்குப் பேர்போனது. மண்ணுக்கு நமக்கு என்ன பஞ்சம்? கச்சேரிக் கடத்தையே மானாமதுரை மண்ணில் செய்கிறோம். சாமியார்கள் கையில் சிலும்பி என்ற மண் குழாயும் இருந்தது. ஆனால் சுங்கான் என்றால் அதை முதலில் வாங்க வேண்டும், இலையை நறுக்க வேண்டும், அடைக்க வேண்டும், பிறகு சாம்பலைக் கிண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சுருட்டில் இலையே புகை, இலையே குழாய். வயலில் நிற்பவருக்கு எது தோதென்று கேட்கவே வேண்டாம்.

1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல், அந்தச் சுருட்டின் இலைக்களஞ்சியம். ஊசிக்கப்பல், கருவாழை என்று ரகங்களுக்கே தனிப் பெயர்கள் உண்டு. வேடசந்தூரில் 1948இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்தது. வெள்ளைக்காரர் விரும்பிய பாணிக்கு, வெளியே சுற்றும் மேல் இலை மட்டும் ஜாவாவிலிருந்து வந்தது. லண்டனில் இதற்கெல்லாம் கிடைத்த பெயரோ ‘திருச்சினாப்பள்ளி சுருட்டு’. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனைப் பற்றி ஹோம்ஸுக்குக் கிடைக்கும் துப்புகளில் ஒன்று அதன் சாம்பல். விளைந்தது திண்டுக்கல்லில், பேர் திருச்சிக்கு! சர்ச்சில் நம் சுருட்டைத்தான் விரும்பினார் என்ற கதை வட்டாரத்தில் அலுக்காமல் சொல்லப்படுகிறது. அவர் வாயில் பெரும்பாலும் இருந்தது கியூபா சுருட்டு.

சுற்றுவது எளிதாகத் தெரியும். இலையை ஈரப்படுத்திப் பதமாக்கி, நடு நரம்பை உரித்தெடுத்து, உள் இலைகளை நீளவாக்கில் அடுக்கி, இன்னொரு இலையால் கட்டி, மேல் இலையைச் சாய்வாகச் சுற்றிப் பசை வைத்து ஒட்ட வேண்டும். இறுக்கிவிட்டால் இழுக்க வராது, தளர்ந்தால் சீறிக்கொண்டு எரிந்துவிடும். இந்தக் கணக்கு விரலில் இருக்கிறது. ஆனால் சுங்கானைச் செய்தவர் அதில் முத்திரை குத்துகிறார், வாங்கியவர் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். சுருட்டு அரை மணியில் சாம்பல். சுற்றியவருக்கு எண்ணிக்கைக் கூலி, பெயர் கிடையாது. அவருடைய வேலைநேரத்தையும் விடுப்பையும் தனியாகக் கவனித்தது 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம்.

அப்படியானால் திண்டுக்கல்லிலும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பட்டறையைத் திறந்துவிடலாமே என்கிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடுக்கிறது. அதைவிட முக்கியம் உடம்பு. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். வாய்ப்புற்றுநோய்க்குச் சுங்கானும் விலக்கல்ல, அழகான மரம் என்பதால் புகை மாறிவிடாது. ஈர இலையைக் கையாள்பவருக்குத் தோல் வழியாகவும் நிகோடின் ஏறும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஊர் கொண்டாடுவதைப் போலச் சுருட்டையும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மறந்துவிடவும் முடியாது. கருப்பசாமிக்கு இன்றும் சுருட்டுப் படைக்கிறோம், விராலிமலையில் முருகனுக்கே சுருட்டு நைவேத்தியம். சுற்றத் தெரிந்த கைகள் இருக்கும்போதே வேலையைப் படம் பிடிக்கலாம். இலைகளின் பெயரையும் கருவிகளையும் வாங்கிய கூலியையும் எழுதி ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். வாசலில் விற்பனை மேசை மட்டும் வேண்டாம்.