தோல் செல்லில் இருந்து கருமுட்டை: 82 முட்டை உருவாகியும் சிகிச்சை ஏன் தள்ளிப் போகுது? முழு விளக்கம்

பெண்ணின் தோல் செல்லை வைத்தே கருமுட்டை உருவாக்க முடியுமா? அதற்கான முதல் படியைத் தாண்டியிருப்பதாக அமெரிக்காவின் ஓரிகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஷோக்ரத் மித்தலிபோவ் தலைமையிலான குழுவின் இந்த ஆய்வு, 2025 செப்டம்பர் 30 அன்று 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது.

மொத்தம் 82 முட்டைகள் உருவாகின. விந்தணுவுடன் சேர்த்தபோது, சுமார் 9 சதவீதம் மட்டுமே 6 நாள் கரு என்ற நிலையை எட்டின. அவற்றிலும் குரோமோசோம் கோளாறு இருந்தது. முட்டையை உருவாக்க முடிந்தவர்களால் ஏன் நல்ல கருவை உருவாக்க முடியவில்லை?

எப்படி உருவாக்கினார்கள்?

தானமாகக் கிடைத்த கருமுட்டையில் இருந்து அதன் சொந்த மரபுப்பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோல் செல்லின் உட்கருவை வைத்தார்கள். 1996-ல் பிறந்த டோலி ஆட்டுக்குட்டிக்குப் பயன்படுத்தியதும் இதே முறைதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டோலி ஒரு நகல் என்பதால் குரோமோசோம்கள் முழுசாக இருந்தாலே போதும். இங்கே அப்படி இல்லை. தோல் செல்லில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் இருக்கும். கருமுட்டைக்குத் தேவை 23 மட்டுமே. மீதி 23 விந்தணுவில் இருந்து வரும். அதனால் பாதியை வெளியேற்றியே ஆகணும்.

இயற்கையில் இது எப்படி நடக்குது?

செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் தோன்றும் என்று பள்ளியில் படித்திருப்போம். இவை புரதத்தால் ஆன மெல்லிய குழாய்கள். குரோமோசோமைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பது இவற்றின் வேலை.

கருமுட்டை உருவாகும்போது, அம்மாவிடம் இருந்து வந்த குரோமோசோமும் அப்பாவிடம் இருந்து வந்த குரோமோசோமும் முதலில் ஜோடியாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருப்பதால்தான், இழைகள் இழுக்கும்போது ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் என்று சரியாகப் பிரிகின்றன.

சிக்கல் எங்கே?

ஆய்வகத்தில் தோல் செல்லின் குரோமோசோம்களைச் சுற்றி இழைகள் உருவாகின. ஆனால் குரோமோசோம்கள் ஜோடி சேரவே இல்லை. விந்தணு சேர்ந்த பிறகும் பல முட்டைகள் பிரியாமல் அப்படியே நின்றுவிட்டன. மின் அதிர்வும் ரோஸ்கோவிட்டின் என்ற வேதிப்பொருளும் கொடுத்துத்தான் பிரிய வைத்தார்கள். பிரிந்தபோது, எந்தக் குரோமோசோம் எந்தப் பக்கம் போவது என்பது குலுக்கல் போல ஆகிவிட்டது.

ஒரு எளிய கணக்கு. ஒரு ஜோடி சரியாகப் பிரிய 2-ல் 1 வாய்ப்பு. 23 ஜோடிகளும் ஒரே நேரத்தில் சரியாகப் பிரிய, 2-ஐ 23 முறை பெருக்கணும். விடை, சுமார் 84 லட்சத்தில் ஒன்று! மொத்த எண்ணிக்கை 23 என்று வந்தாலும் போதாது. ஒரு வகை இரண்டாகவும், இன்னொரு வகை இல்லாமலும் இருக்கலாம்.

செல் இதைக் கண்டுபிடிக்காதா?

செல்லுக்குள் ஒரு 'செக்போஸ்ட்' இருக்கு. ஒரு குரோமோசோமை இழை பிடிக்காமல் விட்டாலும், பிரிவதை அது நிறுத்தி வைக்கும். இதை இயக்கும் மரபணுக்களை 1991-ல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். ஆனால் 'இழை பிடித்ததா?' என்பதைத்தான் அது பார்க்கும். 'ஜோடி சரியாகப் பிரிந்ததா?' என்று எண்ணிப் பார்க்காது.

ஒரு குரோமோசோம் கூடினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் கரு வளராது, அல்லது கலைந்துவிடும். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். இது 1959-ல் தெரியவந்தது.

இயற்கையான முட்டையிலும் இந்தப் பிழை வரும். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அவளது முட்டைகளில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்துவிடும். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கோஹெசின் என்ற புரதம் பல பத்தாண்டுகள் தாங்கணும். வயது ஏற ஏற அது தளர்ந்துபோகும். 40 வயதில் கருத்தரிக்கும் பெண்களுக்கு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு சுமார் 100-ல் ஒன்று என்று சொல்லப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

யாருக்குப் பயன்? எப்போது?

புற்றுநோய் சிகிச்சையால் முட்டைகளை இழந்தவர்கள், வயது காரணமாக முட்டை கிடைக்காதவர்கள், மரபணு ரீதியாகத் தங்கள் சொந்தக் குழந்தையைப் பெற இந்த முறை ஒருநாள் உதவலாம். ஆனால் இதற்கும் இன்னொரு பெண் முட்டை தானம் செய்தாகணும். அந்த முட்டையின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களும் குழந்தைக்குச் சேரும்.

மனிதர்களிடம் பரிசோதிக்கும் கட்டத்துக்கு வரவே இன்னும் குறைந்தது 10 ஆண்டுகள் ஆய்வு தேவை என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. ஜோடி சேர்வதையும் பிரிவதையும் கட்டுப்படுத்துவதே அடுத்த சவால். அதுவரை இது ஆய்வகச் சோதனை மட்டுமே. 'தோல் செல்லில் இருந்து முட்டை தயாரித்துத் தருகிறோம்' என்று இப்போது யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.