வெளிச்சுவரில் "சொரசொர" மோகம்! உள்ளே ஓதம் ஏறுவது ஏன்?

கடலூர் மஞ்சக்குப்பம் ஆகட்டும், சிதம்பரத்துப் புது நகர்கள் ஆகட்டும், வீடு கட்டுபவர்களுக்கு "டெக்ஸ்சர்" ஆசை வந்துவிட்டது. வாசல் சுவரில் கோடு கோடாக, புள்ளி புள்ளியாகச் சொரசொரப்புப் பூச்சு. பார்வைக்கு ஜோர்தான். சுவரின் மேடு பள்ளத்தையும் மறைத்துவிடும். அதற்காக, இனி மழைக்குக் கவலையில்லை என்று இருந்துவிட முடியுமா?

முடியாது!

அக்ரிலிக் பசையில் பொடிக்கல் கலந்த மேல்சட்டைதான் இது. கனம் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர். தண்ணீரைத் தடுக்க வேண்டியது அடியிலுள்ள சிமெண்ட் பூச்சு.

கடலூரின் எதிரி உப்பு. கடல் காற்றும், வேலைக்கு இறைக்கும் உப்புத் தண்ணீரும் அதைச் சுவருக்குள் சேர்க்கின்றன. ஈரம் காயும்போது உப்பு பூத்து, மேல்பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். முதுநகரில் பூர்வீக வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். அதை ரசாயனப் பூச்சால் மூடினால் ஈரம் போக வழியேது?

சிதம்பரத்துத் தொல்லை வேறு. களிமண் பூமி மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் அசைந்தால் சுவரில் மயிரிழை வெடிப்பு. டெக்ஸ்சர் அதைக் கண்ணுக்கு மறைக்கும், தண்ணீருக்கு மறைக்காது!

2011 டிசம்பர் 30-ல் "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. அந்த மாதிரிக் காற்றில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து மோதும். வடகிழக்குப் பருவமழையில் வடக்கு, கிழக்குச் சுவர்களுக்குத்தான் அடி அதிகம். வடக்கில் வெயிலும் குறைவு. சொரசொரப்பின் பள்ளங்களில் தூசியும் ஈரமும் தங்கிப் பாசி பிடிக்கும்.

சரி, செலவை எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்? அடிப்பூச்சில்! வெளிச்சுவருக்கு இரண்டு தடவையாக 20 மி.மீ. கனம் வேண்டும். பி-சாண்டைச் சலித்துப் போட வேண்டும். தூள் அதிகமானால் வெடிக்கும். ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு, மொத்தம் 28 நாள் ஆறப்போட வேண்டும். கிரகப்பிரவேச தேதி நெருங்குதே என்று பத்தாம் நாளே டெக்ஸ்சர் ஏற்றினால் கொப்புளம்தான் மிச்சம்.

ஆசை விடாதவர்கள் சன்ஷேடு நிழல் விழும் முகப்பில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். வடக்குச் சுவருக்குச் சாதா பூச்சும், வெளிச்சுவர் பெயிண்டும் போதும். பாசி பிடித்தாலும் தேய்த்துக் கழுவ வழுவழு சுவர்தான் சுலபம்.