விளாச்சேரி தந்த நாடகாசிரியர்

விளாச்சேரி என்றதும் நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு நவராத்திரிக் கொலுவின் மண் பொம்மைகளே முதலில் நினைவுக்கு வரும். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில், திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள சிற்றூர் அது. அங்கே 1870-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ஆம் தேதி பிறந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். 'பரிதிமாற் கலைஞர்' என்னும் பெயரால் அவரைப் பலரும் அறிவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று வாதித்தவர் என்பதையும் அறிவர். ஆயினும் அவர் மூன்று நாடகங்களும் ஒரு நாவலும் இயற்றியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தந்தையார் கோவிந்த சிவனாரிடம் வடமொழியும், மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழும் பயின்ற அவர், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே தலைவராயிருந்த மில்லர் துரை ஒருநாள் டென்னிஸனின் பாட்டொன்றைக் கற்பிக்கையில், படகின் செலவை அன்னப் பறவையின் செலவோடு ஒப்பிட்ட நயத்தை வியந்தாராம். கம்பர் அவ்வுவமையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கங்கையில் குகன் ஓடம் செலுத்தும் இடத்தில் ஆண்டுவிட்டார் என்று எழுந்து கூறினார் இவ்விளைஞர். பட்டம் பெற்றபின், தத்துவ சாஸ்திர ஆசிரியர் பதவி கிட்டும் நிலையிலும் தமிழாசிரியர் பதவியையே விரும்பி, 1893-இல் அதே கலாசாலையில் அமர்ந்தார். ஆங்கிலம் கற்றோர் தமிழாசிரியரை ஏளனமாக நோக்கிய காலம் அது.

நாடகம் அக்காலத்தில் இருவேறு உலகங்களாகப் பிரிந்து கிடந்தது. கூத்து மேடையில் விடியவிடியப் பாட்டும் ஆட்டமும் நிகழும். படித்தவர்கள் அதைக் கண்ணெடுத்தும் பாரார். மற்றொரு புறத்தில் 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையவர்களின் 'மனோன்மணீயம்' படிப்பதற்கென்றே அமைந்த செய்யுள் நாடகமாய் விளங்கிற்று. இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைக்க முயன்றவர் நம் சாஸ்திரியார். வடமொழி, ஆங்கிலம் ஆகிய இரண்டின் நாடக மரபுகளையும் ஆராய்ந்து, 'நாடகவியல்' என்னும் இலக்கணத்தைச் செய்யுளில் யாத்தார். இலக்கணம் வகுத்ததோடு நில்லாமல் 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிஜயம்' என்னும் நாடகங்களையும் இயற்றினார். தம் நாடகங்களில் தாமே பெண் வேடம் பூண்டு நடித்தார் என்றும் சொல்வர். கலாசாலை ஆசிரியர் ஒருவர் அந்நாளில் அரிதாரம் பூசுவதென்றால் எத்தகைய துணிவு வேண்டும்!

மூன்றனுள் 'மானவிஜயம்' நம் மனத்தை உருக்க வல்லது. களவழி நாற்பதின் பின்னணியான பழங்கதை அது. சோழனிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தாகத்தால் தண்ணீர் கேட்கிறான். காவலர் காலந்தாழ்த்திக் கொணர்கின்றனர். இழிவோடு வந்த நீரை ஏற்காது உயிர் துறக்கிறான். அடிமைப்பட்டிருந்த ஒரு தேசத்தில் இக்கதையைத் தேர்ந்தெடுத்த புலவரின் உள்ளம் எதை எண்ணியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

'மதிவாணன்' என்னும் நாவலையும் அவர் செந்தமிழ் நடையிலேயே எழுதினார். ஆங்கில 'ஸானெட்' முறையைத் தழுவிப் பதினான்கடிப் பாக்களால் 'தனிப்பாசுரத்தொகை' செய்தார், அதை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆசிரியர் இன்னார் என்று அறியாமலே நூலின் குணதோஷங்களை உலகம் மதிப்பிடட்டும் என்றுதான் அந்நூலில் பரிதிமாற் கலைஞர் என்னும் புனைபெயரைப் பூண்டார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் யோசனை 1902-இல் எழுந்தபோது, நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதை எதிர்த்து நின்றார். மறு வருஷமே, 1903 நவம்பர் 2-ஆம் தேதி, க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று. வயது முப்பத்து மூன்று.

அவருடைய நாடகங்கள் ஏன் மேடையில் நிலைக்கவில்லை? நடை கடினம் என்பதே உண்மையான விடை. அவரைவிட மூன்றாண்டு மூத்தவரான சங்கரதாஸ் சுவாமிகள் ஜனங்களின் செவிக்கேற்பப் பாட்டும் வசனமும் எழுதினார். மதுரையில் 1918-இல் பாலர் சபையும் நிறுவினார். தமிழ் மேடை சுவாமிகளின் வழியே சென்றது. புலவர் வகுத்த இலக்கணமோ புத்தக அலமாரியில் தங்கிவிட்டது. இன்னும் இருபதாண்டு வாழ்ந்திருந்தால் சாஸ்திரியார் தம் நடையை எளிதாக்கியிருப்பாரோ என்னவோ!

தமிழ் 2004-இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. 2006-இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. 2007-இல் அஞ்சல் தலை வெளிவந்தது. விளாச்சேரியில் அவர் இல்லம் நினைவில்லமாயிற்று. இவையெல்லாம் தக்க சிறப்புகளே. ஆனால் நாடகாசிரியனுக்கு அவன் எழுதியதை நாலுபேர் உரக்கச் சொல்வதைப் போன்ற சிறப்பு வேறில்லை.

நம் ஜில்லாப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் 'மானவிஜய'த்தின் சிறைக் காட்சி ஒன்றையாவது நடிக்கலாகாதா? அருஞ்சொற்களை ஆசிரியர் முன்னதாக விளக்கிவிட்டால், பிள்ளைகள் அதைத் தாராளமாகப் பேசி விடுவார்கள். இல்லங்களிலும் பெரியவர் ஒருவர் சேரனாகவும், சிறுவன் ஒருவன் காவலனாகவும் ஒரு மாலை வேளையில் வாசித்துப் பார்க்கலாம். அடுத்த நவராத்திரிக்குப் பொம்மை வாங்க விளாச்சேரி செல்பவர்கள், அவ்வூரில் அந்த நினைவில்லத்துக்கும் வழி கேட்டு, குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டி வருவார்களாக.