பாஸ்கிட்ட யார் சொல்றது?

கேம்பஸ் இன்டர்வியூ சீஸன்ல ‘கன்சல்ட்டிங்’னாலே தனி மரியாதைதான். கோட்டு, ஃப்ளைட்டு, சம்பளம்... கண்ணுக்குத் தெரியறது இவ்வளவுதான். ஆனா, அந்தத் தொழிலுக்கே இலக்கணம் வகுத்த அமெரிக்கர் மார்வின் பவர் (பேர்லயே பவர்!) ஆரம்பத்துல வக்கீல்.

1930-களின் பொருளாதார மந்தம். நொடிச்சுப்போன கம்பெனிகளோட கடன் பத்திரங்களை வாங்கினவங்களுக்காக க்ளீவ்லேண்ட்ல வேலை பார்த்தார். எங்கே ஓட்டைன்னு கீழே இருக்கிறவங்களுக்குத் தெரியும். அது முதலாளி காதுக்குத்தான் போகலை. இதைக் கண்டுபிடிச்சவர், 1933-ல் மெக்கின்ஸியில் சேர்ந்தார். 1950-லிருந்து 1967 வரை அவர்தான் தலைவர். ‘தப்புன்னு பட்டா சீனியரை மறுத்துப் பேசு. அது உரிமை இல்லை, கடமை!’ - ஜூனியர்களுக்கு அவர் பழக்கின பாடம் இது.

சொல்றதோட நிக்கலை. 1963-ல் 60 வயசானதும், தன் பங்குகளை லாபம் பார்க்காம, கணக்குப் புத்தக மதிப்புக்கே கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து வர்றவங்க கடன்ல மாட்டக்கூடாதே!

இன்டர்னல் மார்க் பயத்துல ப்ராஜெக்ட் ரிவ்யூவுல ‘எஸ் சார்’ போடுற நாம, நாளைக்கு ஒரு சி.இ.ஓ-கிட்ட உண்மையைப் பேசிடுவோமா? அடுத்த ரிவ்யூலேயே ஆரம்பிங்க... பணிவா, ஆதாரத்தோட!